ஆழியாறு, வால்பாறை, அமராவதி பக்கம் டூர் வர்றீங்களா? டேம் லெவல் பாத்துட்டு ரூம் போடுங்க

ஏப்ரல் மாசம் பரீச்சை முடிஞ்சா போதும், எங்க ஊட்டுக்கு ஒறம்பரை போன் ஆரம்பிச்சுரும். நாங்க பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவால இருக்கறோம், அதனால சென்னை, பெங்களூர்ல இருக்கற சொந்தக்காரங்க அல்லாரும் எங்கள டூரிஸ்ட் ஆபீஸ்னு நெனச்சுக்குவாங்க. "உங்க பக்கம் டேமெல்லாம் சுத்திப் பாக்க வரலாம்னு இருக்கறோம், ரெண்டே நாளு, எங்கெங்க போறது, எங்க தங்கறது"ன்னு கேப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சுங்க, அதான் இங்க மொத்தமா எழுதிப் போட்டுடறேன்.

மொதல்ல ஒரு கூத்து சொல்றேன். ரெண்டு வருசம் முந்தி மே மாசம் எங்க பெரியம்மா பையன் சென்னைல இருந்து குடும்பத்தோட வந்தான். ஆன்லைன்ல 'லேக் வியூ' ரூம்னு போட்டு எச்சா காசு வாங்கிட்டு ஒருத்தரு புக்கிங் குடுத்திருக்கறாரு, போட்டோல பாத்தா ஜன்னல் ஓரம் வரைக்கும் நீலமா தண்ணி அலையடிக்குது. நேர்ல போய் திரைய வெலக்கிப் பாத்தா வெடிச்சுப்போன சேத்து மண்ணு, அதுல நாப்பது அம்பது வெள்ளாடு மேயுது, தண்ணி எங்கியோ மலை அடிவாரத்துல ஒரு வெள்ளைக் கோடாட்டம் தெரியுது. பசங்க ரெண்டும் ஆட்டப் பாத்து சந்தோசப்பட்டுச்சு, அவன் மட்டும் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருந்தான். எங்க மாமனார் காலைல பேப்பர் மடிச்சுட்டே, "ஏந்தம்பி, ரூம் போடறதுக்கு முந்தி லெவல் பாக்கலீங்களா"ன்னாரு. என்ன லெவல்னு அவனுக்குப் புரியவே இல்ல.

இந்தப் பக்கம் வர்றவங்க தெரிஞ்சுக்க வேண்டியது அந்த ஒரு விசயந்தாங்க. இது ஊட்டி ஏரி மாதிரி அழகுக்கு நிக்கற தண்ணி இல்ல, பாசனத் தண்ணி. மழைக்கு ஏறும், வயலுக்குத் தொறந்து விட்டா எறங்கும். கோயமுத்தூர் பதிப்பு பேப்பர்ல தெனமும் அணைகளோட நீர்மட்டம் போடுவாங்க, இங்க வெவசாயிங்க சினிமா நியூஸ் படிக்கறதுக்கு முந்தி அதத்தான் பாப்பாங்க. நிறைஞ்சா எவ்வளவுன்னு போன்ல குறிச்சு வெச்சுக்கோங்க: ஆழியாறு 120 அடி, சோலையாறு 160, பரம்பிக்குளம் 72, திருமூர்த்தி 60, அமராவதி 90. சோலையாறு சில நாள் 163ன்னு கூட வரும், தப்பா அச்சடிச்சுட்டாங்கன்னு நெனைக்காதீங்க, அது அப்பிடித்தான் தேக்குவாங்க. என் கணக்குல ஆழியாறு நூறு அடிக்கு மேல இருந்தா கண்ணுக்குக் கடல் மாதிரி இருக்கும், எழுபதுக்குக் கீழ எறங்கிடுச்சுன்னா லேக் வியூவுக்கு எச்சா காசு குடுக்கறது தெண்டம்.

இந்தத் தண்ணி எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சா டூர் இன்னும் சுவாரசியமா இருக்கும், அதனால சித்தெ பொறுத்துக்கோங்க. வால்பாறை மலை மேல பேயற மழையெல்லாம் மேக்கால ஓடி அரபிக்கடல்ல சேர வேண்டிய தண்ணி. அத மறிச்சு, மலையக் குடைஞ்சு சொரங்கம் போட்டு, கெழக்கால எங்க காட்டுக்குத் திருப்பி விட்டதுதான் பிஏபி, அதாவது பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம். காமராஜர் முதலமைச்சரா இருந்த காலத்துல ஆரம்பிச்ச வேலை, பொள்ளாச்சிக்காரரான சி. சுப்பிரமணியம் அதுக்குப் பாடுபட்டவரு, கேரளாவோட ஒப்பந்தம் கையெழுத்தானது 1970ல. நீராறுல இருந்து சோலையாறு, அங்கிருந்து பரம்பிக்குளம், தூணக்கடவு, அப்பறம் சர்க்கார்பதி பவர் ஹவுஸ்ல கரண்டு எடுத்துட்டு, மலை ஓரமாவே வளைஞ்சு வளைஞ்சு வர்ற காண்டூர் கால்வாய்ல திருமூர்த்திக்கு வந்து சேரும். திருமூர்த்தி டேம் கரைல நின்னு நீங்க பாக்கற தண்ணி மலைக்கு அந்தப்பக்கம் பேஞ்ச மழை. 3.77 லட்சம் ஏக்கரு இத நம்பி இருக்குது, எல்லாத்துக்கும் ஒரே சமயத்துல தண்ணி பத்தாதுன்னு நாலு மண்டலமாப் பிரிச்சு மொறை வெச்சு விடுவாங்க. அமராவதி மட்டும் தனி ஆறு, மறையூர், சின்னாறு பக்கத்துல இருந்து வந்து தாராபுரம், கரூர் வழியா காவேரில சேரும்.

அப்ப எப்ப வர்றது? ஜூன்ல தென்மேற்குப் பருவமழை புடிச்சா ஆகஸ்ட் வரைக்கும் வால்பாறைல கொட்டோ கொட்டுன்னு கொட்டும். மேல நீராறு தாண்டி சின்னக்கல்லாறுன்னு ஒரு எடம், தென்னிந்தியாவோட சிரபுஞ்சின்னே பேரு. மழையப் பாக்கத்தான் வர்றேன்னா வாங்க, ஆனா அருவிக எல்லாம் வெள்ளம்னு பூட்டிருவாங்க, மண்ணு சரிஞ்சா ரோடும் அடைச்சுரும். ஆவணி பொறந்து மார்கழி வரைக்கும்தான் நெஜமான சீசன், டேமு ரொம்பி இருக்கும், மலை பச்சைப் பசேல்னு இருக்கும். ஸ்கூல் லீவு ஏப்ரல், மே மாசத்துலதான் விடறாங்க, என்ன பண்றது, அப்ப வர்றவங்க தண்ணிய எதிர்பாக்காம வால்பாறைக் குளிருக்காக மட்டும் வாங்க. ஆடி 18, தீபாவளிக்கு மறுநாளு, பொங்கல் முடிஞ்சு வர்ற பூ நோம்பி, இந்த நாள்ல மட்டும் ஆழியாறு, திருமூர்த்தி, அமராவதி மூணு பக்கமும் தல வெக்காதீங்க. சுத்துப்பட்டு ஊரு சனமே கட்டுச்சோத்தத் தூக்கிட்டு டேமுக்குத்தான் வரும், வேன்ல, டெம்போல, டிராக்டர்ல. எங்களுக்கு அது சந்தோசம், உங்களுக்கு கார் நிறுத்த எடம் கெடைக்காது.

எத்தன நாளு வேணும்னா, மூணு பகலு ரெண்டு ராத்திரி. ஒரே நாள்ல ஆழியாறு, வால்பாறை, பரம்பிக்குளம், திருமூர்த்தின்னு பட்டியல் போட்டுட்டு வர்றவங்கள நானும் பாத்திருக்கறேன், அவங்க பாத்தது கார் கண்ணாடியத்தான். வால்பாறைல ஒரு ராத்திரி, கீழ பொள்ளாச்சியோ ஆழியாறோ உடுமலையோ ஒரு ராத்திரி, இப்பிடி வெச்சுக்கோங்க. கோயமுத்தூர்ல இருந்து பொள்ளாச்சி 40 கிலோமீட்டர், ரோடு நல்லா அகலமாப் போட்டுட்டாங்க. மதுரை, திண்டுக்கல் பக்கம் இருந்து வர்றவங்க பழனி வழியா உடுமலைக்கு வந்து, மொதல்ல அமராவதில ஆரம்பிச்சு இந்தப் பக்கமா வந்தா போன வழிலயே திரும்ப வேண்டியதில்ல. ரயில்லயும் வரலாம், திண்டுக்கல், பழனி, உடுமலை, பொள்ளாச்சி எல்லாம் ஒரே லைன்தான். கார் இல்லாதவங்களும் கவலப்பட வேண்டாம், பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல இருந்து வால்பாறைக்கு அரசு பஸ் இருக்குது, ஜன்னலோர சீட்டு கெடச்சா சொந்தக் கார விட அதுதான் சொகம், டிரைவர் அண்ணனுகளுக்கு அந்த ரோடு கண்ண மூடிட்டு ஓட்டற அளவுக்குப் பழக்கம்.

சொந்த வண்டில போறவங்க இ-பாஸ் எடுக்கோணும். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024ல கொண்டு வந்தாங்க இல்ல, அதையே வால்பாறைக்கும் 2025 நவம்பர்ல இருந்து ஆக்கிட்டாங்க. அரசாங்க சைட்டுல வண்டி நம்பர், எத்தன பேரு, எங்க தங்கறீங்கன்னு போட்டா பாஸ் வந்துரும், கெளம்பறதுக்கு முந்தின நாளே எடுத்து போன்ல சேவ் பண்ணி வெச்சுருங்க, ஆழியாறு செக்போஸ்ட்டுல நின்னுட்டு சிக்னலுக்கு போனத் தூக்கிப் புடிச்சுட்டு இருக்கறது பாக்க நல்லா இல்ல. அங்கியே பிளாஸ்டிக் பாட்டல், சரக்கு எல்லாம் இருக்குதான்னு வனத்துறைக்காரங்க பாப்பாங்க. ஊட்டுல இருந்து எவர்சில்வர் பாட்டல்ல தண்ணி எடுத்துட்டுப் போயிருங்க.

இனி ஆழியாறு. பொள்ளாச்சில இருந்து 24 கிலோமீட்டர், கோட்டூர், அங்கலகுறிச்சி வழியா ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு. வழில எளநி குடிச்சுக்கோங்க, பொள்ளாச்சிக்கு வந்துட்டு கூல்டிரிங்ஸ் குடிக்கறவங்கள என்ன சொல்றது. டேமுக்குக் கீழ பார்க் இருக்குது, படி ஏறி மேல போனீங்கன்னா மூணு பக்கமும் மலை சுத்தி நடுவுல தண்ணி. காத்து அடிக்கும் பாருங்க, பாலக்காட்டுக் கணவாய்க் காத்து, ஆடில போனா தொப்பி பறந்துரும். காலைல ஏழு மணிக்கோ, இல்ல பொழுதோட நாலரைக்கு மேலயோ போங்க, மத்தியானம் போனா செவுத்துல இருந்து அனல்தான் வரும். போட்டிங் கூட்டிட்டுப் போறேன்னு பசங்ககிட்ட வாக்குக் குடுத்துக் கூட்டிட்டு வராதீங்க, தண்ணி எறங்குனா நிறுத்திருவாங்க, அப்பறம் அழுகைய நிறுத்த முடியாது. தியானத்துல நாட்டம் இருந்தா பக்கத்துலயே வேதாத்திரி மகரிஷி கட்டுன அறிவுத்திருக்கோயில் இருக்குது, அமைதியான எடம், சத்தம் போடற வயசுப் பசங்கள வெளிய விட்டுட்டுப் போங்க.

ஆழியாறு வந்துட்டு மீன் திங்காமப் போனா வந்ததே தப்புங்க. ரோட்டோரம் வரிசையா கடை இருக்கும், கண்ணாடிப் பொட்டிக்குள்ள மசாலா தடவுன மீன அடுக்கி வெச்சிருப்பாங்க. நான் எப்பவும் போற கடைல ஒரு அக்கா இருப்பாங்க, பேசிட்டே கத்தியால மீனுக்கு மூணு கீறு கீறி, அந்தக் கீறலுக்குள்ள வெரல விட்டு மசாலாவ ஏத்துவாங்க, மேலாப்பல தடவுனா எண்ணைல எல்லாம் கழண்டுரும்னு சொல்லுவாங்க. கட்லா, ரோகு, ஜிலேபி, இதுதான் எச்சா கெடைக்கும். கொழந்தைகளுக்கு முள்ளெடுத்துக் குடுக்க கட்லா துண்டு சுலபம், ருசிக்கு எனக்கு ஜிலேபிதான், சின்னதா முழுசா வறுத்தது, வாலு மொறுமொறுன்னு அப்பளமாட்டம் இருக்கும். ரெண்டு விசயம் மட்டும் பாத்துக்கோங்க. ஒண்ணு, ஏற்கனவே வறுத்து வெச்சத வாங்காதீங்க, பச்சையா இருக்கறதக் காட்டி இதப் போடுங்கன்னு சொல்லுங்க. இன்னொண்ணு, எடை போட்டு வெல கேட்டுட்டு அப்பறம் எண்ணைல போடச் சொல்லுங்க, வறுத்த மீனுக்கு பேரம் பேசி ஆரும் ஜெயிச்சதில்ல.

குளிக்கலாமான்னு அடுத்தது கேப்பீங்க. வேண்டாங்க. மேல பாத்தா முழங்கால் தண்ணியாட்டம் இருக்கும், ரெண்டு எட்டு வெச்சா சேறு கால உள்ள இழுக்கும், ஒவ்வொரு வருசமும் ஆராவது ஒருத்தர் ஊட்டுக்குத் திரும்பாமப் போறாங்க. 2023 அக்டோபர்ல சோலையாறு எஸ்டேட் பக்கம் ஆத்துல எறங்குன காலேஜ் பசங்க அஞ்சு பேரு போயிட்டாங்க, எங்க பக்கத்துப் பசங்க. அதுல இருந்து எங்க ஊட்டுக்கு வர்ற ஒறம்பரைககிட்ட இத மட்டும் நான் சிரிக்காமச் சொல்றது.

செக்போஸ்ட் தாண்டுனதும் குரங்கு அருவி. பேரு சும்மா வெக்கலீங்க. ஒருக்கா எங்க அத்தை தூக்குப்போசில புளிசாதம் கட்டிட்டு வந்து, கார் கதவத் தொறந்து வெச்சுட்டு செருப்பு மாட்டிட்டு இருந்தாங்க. ஒரு குரங்கு நிதானமா வந்து, போசிய எடுத்து, மூடிய திருகித் தொறந்து, சாதத்த எடுத்து மோந்து பாத்துட்டு, மொளகாய மட்டும் பொறுக்கிக் கீழ போட்டுட்டு மீதியத் தின்னுச்சு. அத்தை "என்ற போசி, என்ற போசி"ன்னு கத்துனது மட்டுந்தான் மிச்சம். கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு எறங்குங்க, கைல தின்பண்டம் வெச்சுட்டு நடக்காதீங்க, முக்கியமா பாவம்னு நெனச்சு எதும் போடாதீங்க, நாம போட்டுப் போட்டுத்தான் அதுக இப்பிடி ஆச்சு.

அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு போர்டு இருக்குது, பசங்கள எண்ணச் சொல்லுங்க, வாந்தி வராது. பெரியவங்களுக்கு எலுமிச்சம்பழத்தக் கைல குடுத்துருங்க, காலைல பூரி, பொங்கல்னு வயித்த ரொப்பிட்டு ஏறாதீங்க. ஒம்பதாவது வளைவுல லோம்ஸ் வியூ பாயிண்ட், வண்டிய ஓரங்கட்டி எறங்குனீங்கன்னா நாம சித்தெ முந்தி மீன் தின்ன ஆழியாறு டேமு முழுசும் காலுக்குக் கீழ தெரியும். லெவல் நூறுக்கு மேல இருக்கற நாள்ல அந்த எடத்துல இருந்து பாக்கோணும், அப்பப் புரியும் நான் எதுக்கு இத்தன நேரம் நம்பர் சொன்னேன்னு. பாறைல வரையாடு நிக்கும், சிலது ரோட்டு ஓரமாவே வந்து மேயும், அதுக பாட்டுக்கு விடுங்க, செல்பிக்கு கிட்டப் போகாதீங்க.

மலை ரோட்டுப் பழக்கம் இல்லாதவங்களுக்கு நாலு வார்த்த. ஏறி வர்ற வண்டிக்கு எறங்கற வண்டி வழி விடோணும். பஸ் வர்ற சத்தம் கேட்டா வளைவுக்கு முந்தியே நின்னுருங்க, அதுக்கு முழு ரோடும் வேணும். எறங்கும்போது எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல எறங்குங்க, பிரேக்க மிதிச்சுட்டே வந்தா தீஞ்ச வாசம் வரும், அப்பறம் பிரேக்கே புடிக்காது. அட்டகட்டி தாண்டி கவர்க்கல் பக்கம் பட்டப்பகல்லயே மேகம் எறங்கி முன்னால போற வண்டி தெரியாது, லைட்ட டிம்ல போடுங்க, பிரைட்ல போட்டா வெள்ளச் செவுத்துல அடிச்சாப்பல உங்க கண்ணுக்கே திரும்பும். வெசையா போய் ஆரும் பரிசு வாங்கப் போறதில்ல. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள மேல போய்ச் சேர்ற மாதிரி கெளம்புங்க, இருட்டுனா ரோடு யானைக்கு.

வால்பாறை டவுன் சின்னதுங்க, ஒரு மெயின் ரோடு, பஸ் ஸ்டாண்டு, கடைவீதி, அவ்வளவுதான், 3500 அடி உசரம். டவுனப் பாக்க ஆரும் வர்றதில்ல, சுத்தியும் இருக்கற டீ எஸ்டேட்டும் சோலைக்காடுந்தான் விசயம். டவுனுக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முந்தி புதுத்தோட்டம்னு ஒரு எடம், அங்க மரத்துல சிங்கவால் குரங்கு கூட்டமா இருக்கும், கறுப்பு ஒடம்பு, மூஞ்சியச் சுத்தி வெள்ளப் பிடரி. உலகத்துலயே மேற்குத் தொடர்ச்சி மலைல மட்டுந்தான் இருக்குதாம். ரோட்டுக்குக் குறுக்கால மேல கயிறாட்டம் பாலம் கட்டி விட்டிருப்பாங்க, வண்டில அடிபடாம அதுக கடக்கறதுக்கு. அந்த எடத்துல மெதுவாப் போங்க.

ரூம் விசயத்துல உசாரா இருங்க. எஸ்டேட்டுக்கு நடுவால இருக்கற தங்குமிடம் போட்டோல ஜோரா இருக்கும், ஆனா பொழுது எறங்குன பொறவு வெளிய கால வெக்க முடியாது, யானை, சிறுத்தை, காட்டுமாடு எல்லாம் அதே வழிலதான் நடக்குது. மொதத் தடவ வர்றவங்க டவுனுக்குள்ள தங்கறது நல்லது. அனுமதி வாங்குன எடமான்னு கேட்டு, சாப்பாடு அங்கியே குடுப்பாங்களான்னும் கேட்டுக்கோங்க, கடை எல்லாம் சீக்கிரம் சாத்திருவாங்க. சில எடத்துல கம்பத்து மேல செகப்பு லைட்டு எரியும். யானை அந்தப் பக்கம் நிக்குதுன்னு அர்த்தம், எஸ்டேட் சனங்களுக்குன்னு வெச்சது, போன் மூலமாவே போடுவாங்க, போன்ல மெசேஜும் வரும். நீங்களும் அது எரிஞ்சா வண்டிய நிறுத்திட்டு திரும்பிருங்க. மழைக்காலத்துல அட்டை ஏறும், சாக்ஸுக்கு மேல பொகையிலையும் சுண்ணாம்பும் தேச்சுக்கறது எங்க ஊரு வைத்தியம், ஒட்டிட்டா பிச்சு எடுக்காதீங்க, உப்பு வெச்சா தானா உழுந்துரும்.

கூழாங்கல் ஆறு, நல்லமுடி பூஞ்சோலை, கருமலை பாலாஜி கோயில், இதெல்லாம் டவுன்ல எந்த ஜீப் டிரைவரக் கேட்டாலும் கூட்டிட்டுப் போவாங்க, அரை நாள் வேலை. எனக்குப் புடிச்சது சோலையாறு ரோடு. வால்பாறைல இருந்து இருவது கிலோமீட்டர் வரும், ஒவ்வொரு திருப்பத்துலயும் டேமுத் தண்ணி ஒரு கை நீட்டுனாப்பல டீ தோட்டத்துக்கு நடுவால வந்து நிக்கும். தண்ணி ஓரம் போக வேண்டாம், ரோட்டுல நின்னு பாத்தாலே போதும். அதத் தாண்டி மலக்கப்பாறை, கேரளா செக்போஸ்ட், அங்கிருந்து காட்டு வழியா அதிரப்பள்ளி போகலாம், ஆனா பகல்ல மட்டுந்தான் விடுவாங்க, உள்ள போன நேரத்த எழுதிச் சீட்டுக் குடுப்பாங்க, அந்தப் பக்கம் சொன்ன நேரத்துல வெளிய வரோணும். நடுவுல எறங்கி பிரியாணி ஆக்கித் திங்கற எண்ணம் இருந்தா விட்டுருங்க.

பரம்பிக்குளத்த இதே டூர்ல திணிக்காதீங்க, அதுக்குத் தனியா ஒரு நாளு வேணும். எடம் கேரளா பாலக்காடு மாவட்டம், ஆனா போற வழி நம்ம ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் வழியாத்தான். உள்ள சுத்திப் பாக்கறது வனத்துறை வண்டில, தங்கறதுக்கு முன்கூட்டியே புக் பண்ணோணும். கன்னிமாரா தேக்குன்னு ஒரு மரம், அஞ்சாறு பேரு கை கோத்தாத்தான் கட்டிப் புடிக்க முடியும். டாப்சிலிப்புன்ற பேரே மலை உச்சில இருந்து தேக்குக் கட்டைகளச் சறுக்கி விட்டதால வந்தது. போற வழில ஆனைமலை மாசாணியம்மன் கோயில், அநியாயம் பண்ணுனவங்கள நெனச்சு மொளகா அரைச்சு அப்பற கோயில். என்ற பெரியம்மா பையன் அந்த லேக் வியூ ஆளுக்கு அரைக்கறேன்னு நின்னான், நாங்கதான் வேண்டாம்னு இழுத்துட்டு வந்தோம்.

மூணாவது நாளு உடுமலைப் பக்கம். திருமூர்த்தி உடுமலைல இருந்து இருவது கிலோமீட்டர். டேமு, அமணலிங்கேஸ்வரர் கோயில், மேல பஞ்சலிங்க அருவி, மூணும் ஒரே எடத்துல. கோயில்ல மும்மூர்த்தியும் பெரிய பாறைலயே இருக்கறாங்க. அருவிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல ஏறோணும், வயசானவங்க கீழயே கோயில் திண்ணைல உக்காந்துக்கட்டும். வானம் வெளுத்திருக்குதுன்னு நம்பாதீங்க, மலை மேல மழை பேஞ்சா பத்து நிமிசத்துல செந்தண்ணியா எறங்கும், சில சமயம் கோயிலுக்குள்ளயே பூந்துரும். காவலுக்கு இருக்கறவங்க வெளிய வாங்கன்னு விசில் அடிச்சா துணி தேடிட்டு நிக்காம ஓடியாந்துருங்க.

கடைசியா அமராவதி, உடுமலைல இருந்து மூணாறு போற ரோட்டுல பிரியோணும். பார்க்கு இருக்குது, படி இருக்குது, காத்து இருக்குது, ஆனா பசங்களுக்குப் புடிக்கறது மொதலைப் பண்ணைதான். வாயத் தொறந்து வெச்சுட்டு கல்லாட்டம் கெடக்கும், பொம்மைன்னு நெனச்சுட்டே இருக்கும்போது ஒண்ணு வால ஆட்டும், அப்ப வர்ற சத்தத்தக் கேக்கோணுமே. பண்ணைல மட்டுமில்ல, டேமுலயும் இருக்குது, அதனால இங்க குளிக்கறதப் பத்தி நான் தனியாச் சொல்ல வேண்டியதில்ல. மீனு இங்கியும் அருமையா இருக்கும், பச்சை மீன் வாங்கிட்டுப் போறதா இருந்தா ஐஸ் பொட்டி கொண்டாங்க, கார் டிக்கில பிளாஸ்டிக் கவர்ல கட்டி வெச்சு கரூர் போறதுக்குள்ள மூக்கப் புடிச்சவங்க கதை எங்ககிட்ட நெறைய இருக்குது.

போன அக்டோபர்ல காலைல ஆறரைக்கு போன் அடிச்சுது, பாத்தா அதே பெரியம்மா பையன். என்கிட்டப் பேசல, மாமனார்கிட்டக் குடுன்னான். ஸ்பீக்கர்ல போட்டேன். "பெரியவரே, ஆழியாறு 118 இருக்குதாம், ரூம் போட்டுறட்டுங்களா?" அவரு கண்ணாடிய மாட்டி, அன்னிக்குப் பேப்பர விரிச்சு, வெரல வெச்சு ஒருக்கா சரி பாத்துட்டு, "போடுங்க தம்பி. மேல மழை புடிச்சிருக்குது, பசங்களுக்கு ஸ்வெட்டர் எடுத்துட்டு வாங்க"ன்னாரு.